“இது எங்க டைட்டன்ஸ் இல்லை”: டீன் டைட்டன்ஸ் கோ! பார்த்தவர்களின் எதிர்வினைகள் (அனுபவப் பகிர்வு)

கோபுரவாசி:

2003இல் வந்த ‘டீன் டைட்டன்ஸ்’ என்ற சூப்பர்ஹீரோ கார்ட்டூனின் அதே ஐந்து பேரை வைத்து 2013இல் தொடங்கிய நகைச்சுவைத் தொடர்தான் டீன் டைட்டன்ஸ் கோ! பேரைச் சொன்னாலே ரெண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. திட்டவும் புகழவும் இடமா இல்லை? இங்கே வேண்டியது வேறு. எந்த அத்தியாயத்தில், எந்தக் கட்டத்தில், எப்படிப்பட்ட ரசிகர் முகம் சுளிக்கிறார் அல்லது விழுந்து விழுந்து சிரிக்கிறார், அது எதனால்? அதை மட்டும் எழுதுங்கள். “நான் சின்ன வயசில்...” என்று தொடங்கும் பதிவுகள் வேண்டாமே, ப்ளீஸ்.

நானே ஆரம்பிக்கிறேன். பழைய தொடரின் ரசிகருக்குச் சிக்கல் முதல் அத்தியாயத்திலேயே வந்துவிடும். ரேவனுக்குத் தொந்தரவு இல்லாமல் உட்கார்ந்து ‘பிரெட்டி பிரெட்டி பெகாசஸ்’ பார்க்க வேண்டும். அதற்காக மற்ற நாலு பேரையும் ஒரு மகா சாண்ட்விச்சுக்குச் சாமான் தேடி வர ஊர் ஊராகத் துரத்திவிடுகிறாள். கதை அவ்வளவுதான். இதே ரேவன்தான் பழைய தொடரின் நாலாவது சீசனில் உலகம் அழியும் பாரத்தைத் தலையில் சுமந்தவள்.

ஆனால் கதையை விட அதிகமாக உறுத்துவது குரல். ராபினுக்கு ஸ்காட் மென்வில், ரேவனுக்கு டாரா ஸ்ட்ராங், பீஸ்ட் பாய்க்கு கிரெக் சைப்ஸ், சைபார்குக்கு கேரி பேட்டன், ஸ்டார்ஃபயருக்கு ஹைண்டன் வால்ச். 2003இல் பேசிய அதே ஐந்து பேர். காது ‘வீட்டுக்கு வந்துவிட்டோம்’ என்கிறது, கண் ‘வீடு மாறி நுழைந்துவிட்டோம்’ என்கிறது. வேறு ஆட்களைப் பேசவைத்திருந்தால் இதை வேறொரு தொடர் என்று பாதிப் பேர் விட்டிருப்பார்கள்.

இன்னொன்று, நேரக்கணக்கு. பழையது 22 நிமிடம். புதியது 11 நிமிடம். 22 நிமிடத்தில் ஒரு வில்லனை அறிமுகப்படுத்தி, தோற்று, ஒரு பாடம் படித்து, திருப்பி அடிக்கலாம். 11 நிமிடத்தில் ஒரே ஒரு நகைச்சுவையை எடுத்து அது உடையும்வரை இழுக்கத்தான் முடியும். ‘வில்லனே வரல’ என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் மூலம்.

முப்பத்தெட்டு நாள்:

எதிர்வினைகளிலேயே ரொம்பக் கசப்பானது “இந்தக் கோமாளித்தனம்தான் யங் ஜஸ்டிஸைக் கொன்னது” என்பது. யங் ஜஸ்டிஸ் என்பது இதே டிசி காமிக்ஸ் ஹீரோக்களின் உலகத்தைச் சீரியஸாகக் காட்டிய இன்னொரு கார்ட்டூன் தொடர். எங்கிருந்து வந்தது என்று தேதி வைத்துப் பார்த்தால் புரியும்.

2012 மார்ச்சில் கார்ட்டூன் நெட்வொர்க் ‘டிசி நேஷன்’ என்ற தொகுப்பை ஆரம்பிக்கிறது. அதில் யங் ஜஸ்டிஸ், கிரீன் லான்டர்ன் இரண்டும் முழுத் தொடர்கள். இடையிடையே குட்டிப் படங்கள் வரும். அதில் ஒன்று ‘நியூ டீன் டைட்டன்ஸ்’: பழைய ஐவரும் பொம்மை மாதிரிக் குட்டையாகி, சின்னச் சின்னக் கேலி செய்வார்கள். இதற்கு எல்லோரும் கைதட்டினார்கள். மறக்க வேண்டாம், டீன் டைட்டன்ஸ் கோ! இந்தக் கைதட்டலிலிருந்து முளைத்ததுதான்.

2013 மார்ச் 16 அன்று யங் ஜஸ்டிஸும் கிரீன் லான்டர்னும் ஒரே நாளில் முடிந்தன. ஏப்ரல் 23 அன்று டீன் டைட்டன்ஸ் கோ! வந்தது. நடுவில் 38 நாள். இழவு வீட்டில் மேளம் கொட்டியது போல ரசிகர்களுக்குத் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் காரணம் வேறு. யங் ஜஸ்டிஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கிரெக் வைஸ்மன் இதைப் பலமுறை வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். தொடருக்கான பணத்தில் ஒரு பங்கு மாட்டெல் நிறுவனத்தின் பொம்மை வரிசையை நம்பி இருந்தது. பொம்மை எதிர்பார்த்தபடி விற்கவில்லை, மாட்டெல் விலகியது, அந்தப் பணத்தை ஈடுகட்ட வேறு வழி இல்லை. கிரீன் லான்டர்னுக்கும் பொம்மையே பிரச்சினை. 2011இல் வந்த நடிகர்கள் நடித்த படம் ஓடாததால் அதன் பொம்மைகள் கடைகளில் தேங்கின. அதே பெயரில் இன்னொரு வரிசையை வாங்கி அடுக்கக் கடைக்காரர்கள் தயாராக இல்லை.

ஆக, கொலையாளி என்று கை காட்டப்பட்டவன் சம்பவத்துக்குப் பிறகு அந்தத் தெருவுக்குக் குடிவந்தவன். யங் ஜஸ்டிஸ் மூன்றாவது சீசனுக்குத் திரும்பியது 2019 ஜனவரியில். ரசிகர்கள் நெட்ஃபிளிக்ஸில் திரும்பத் திரும்ப ஓடவிட்டதும் அதற்கு ஒரு காரணம்.

ஜப்பான் பாட்டு:

பழசுல காமெடியே இல்லங்கற மாதிரி எல்லாரும் பேசுறாங்க. அது எனக்குப் பெரிய ஆச்சரியம் ப்ரோ. 2003 தொடரோட டைட்டில் பாட்டை பாடினது பஃபி அமியுமிங்கற ஜப்பான் பாப் ஜோடி. அந்தப் பாட்டுக்கு ரெண்டு வடிவம் உண்டு, இங்கிலீஷ் ஒண்ணு, ஜப்பானிய மொழி ஒண்ணு. ஜப்பான் பாட்டு வந்தா அன்னைக்கு எபிசோடு கூத்துன்னு ரசிகர்கள் முதல் நொடிலயே கண்டுபிடிச்சிடுவாங்க. மேட் மாட், லாரி, மதர் மே-ஐன்னு கோமாளித்தனமான பாத்திரங்க வர்ற எபிசோடெல்லாம் அந்த வகை.

அப்போ அந்தத் தொடர் பார்க்கிறவனுக்கு முன்னாடியே சிக்னல் குடுத்துச்சு, ‘இன்னைக்கு சீரியஸா உட்காராதே’ன்னு. புதுசுல அந்த சிக்னலுக்கு அவசியமே இல்ல, ஏன்னா எல்லா நாளும் ஜப்பான் பாட்டு நாள்தான். கோபப்படுறவங்க பலர் சிக்னலுக்காகவே காத்துக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. அது வராது.

டிரைகானை எடுத்துக்குங்க. ரேவனோட அப்பா, பழசுல உலகத்தையே கல்லாக்கின அரக்கன். புதுசுல ‘டாக் ஹேண்ட்’ எபிசோடுல மகளைப் பார்க்க வந்த அப்பா, அவ கூட்டாளிங்களுக்கு சக்தியை அள்ளிக் குடுத்து கெடுக்குற ஆளு. பழசைப் பார்க்காதவனுக்கு இது சாதாரண அப்பா ஜோக். பார்த்தவனுக்கு ரெண்டு மடங்கு சிரிப்பு, இல்லேன்னா ரெண்டு மடங்கு எரிச்சல். நடுவுல ஒண்ணும் கிடையாது.

கோபுரவாசி:

ஜப்பான் பாட்டு சங்கதி அருமை. ‘கலர்ஸ் ஆஃப் ரேவன்’ அத்தியாயத்தையும் அதோடு சேர்த்துக்கொள்ளலாம். ரேவன் நிறத்துக்கு ஒன்றாகப் பல ரேவன்களாகப் பிரிவாள். பழைய ‘நெவர்மோர்’ அத்தியாயத்தில் அவள் மனதுக்குள் இருந்த வண்ண ரேவன்களை நினைவு வைத்து எழுதியது. “பழசை மதிக்கத் தெரியாதவர்கள்” என்ற குற்றச்சாட்டு இங்கே நிற்காது. மதிக்கத் தெரியாதவனுக்கு இவ்வளவு நினைவு இருக்காது.

ஸ்லேட் எங்கே:

தொடர் தன் ரசிகர்களுக்கே பதில் சொன்ன அத்தியாயங்களைப் பற்றி யாரும் எழுதவில்லையே. இரண்டை மட்டும் எடுக்கிறேன்.

‘தி ரிட்டர்ன் ஆஃப் ஸ்லேட்’. பழைய தொடரின் பெரிய வில்லன் ஸ்லேட். அவன் எப்போது வருவான் என்று ரசிகர்கள் ஆரம்பத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார்கள். தலைப்பிலேயே பெயரைப் போட்டுவிட்டு, டைட்டன்ஸ் சண்டைக்குக் கிளம்புவதைக் காட்டி, அடுத்த வெட்டில் சண்டை முடிந்து ‘என்ன ஒரு சண்டை!’ என்று பேசிக்கொண்டு வருகிறார்கள். ஸ்லேட் திரையில் வரவே இல்லை. இந்த இடத்தில் பலர் அணைத்துவிட்டார்கள். சொல்ல வந்தது அதற்குப் பிறகுதான் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. சைபார்கும் பீஸ்ட் பாயும் சின்ன வயதில் ரசித்த ஒரு கோமாளியை மறுபடி பார்க்கிறார்கள். இப்போது சலிப்பாக இருக்கிறது. அவன் குழந்தைகளுக்கான கோமாளி என்று ரேவன் சொல்கிறாள். கேட்காமல் அவனை ‘பெரியவர்களுக்கு ஏற்றபடி’ மாற்றுகிறார்கள், கோமாளி பூதமாகிவிடுகிறான்.

பகடி யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரு குறை உண்டு. இதைப் பார்க்கும் ஏழு வயதுக் குழந்தைக்கு ஸ்லேட் யாரென்றே தெரியாது, ஆகவே முதல் பாதி அதற்கு வெற்றிடம். வளர்ந்த ரசிகனோ முதல் பாதியிலேயே எழுந்துபோய்விட்டான். முழுசாக ரசிக்க இரண்டையும் பார்த்த, கோபம் தணிந்த ஆள் வேண்டும். அந்தக் கூட்டம் சின்னது.

‘லெட்ஸ் கெட் சீரியஸ்’ இதை விடச் சுத்தமாக வேலை செய்கிறது. யங் ஜஸ்டிஸிலிருந்து அக்வாலாட், சூப்பர்பாய், மிஸ் மார்ஷியன் வந்து, ‘உங்களுக்குப் பொறுப்பே இல்லை’ என்று திட்டுகிறார்கள். டைட்டன்ஸ் பொறுப்பாகிவிடுகிறார்கள். நரம்பு புடைத்து, தசை வீங்கி, பார்க்கவே பயங்கரமாக வரைந்திருப்பார்கள். யங் ஜஸ்டிஸ் ரசிகர்களில் கணிசமானவர்கள் இதற்குச் சிரித்தார்கள், ஏனென்றால் அவர்களுடைய தொடரைத் தெரிந்தவர்கள்தான் இதை எழுதியிருக்க முடியும்.

வாஃபிள் வாத்தியார்:

குழந்தைகள் பக்கம் வருவோம், அவர்களுக்குத்தானே தொடர்.

‘வாஃபிள்ஸ்’ அத்தியாயத்தில் சைபார்கும் பீஸ்ட் பாயும் ‘வாஃபிள்’ என்ற ஒரே சொல்லை விடாமல் சொல்கிறார்கள். கேள்விக்கும் வாஃபிள், பதிலுக்கும் வாஃபிள். குழந்தைக்கு மூன்றாவது நிமிடம் சிரிப்பு உச்சத்தில் இருக்கும், பெரியவருக்கு அதே நிமிடம் பொறுமை தீரும். எரிச்சல் எல்லை தாண்டிய பிறகு திரும்பவும் சிரிப்பு வர வேண்டும் என்பதுதான் எழுதியவர்களின் கணக்கு. பக்கத்து அறையிலிருந்து ஒலியை மட்டும் கேட்பவருக்கு அந்தத் திருப்பம் வரவே வராது. பெற்றோர் புகார்களில் பெரும்பகுதி பக்கத்து அறைப் புகார் என்றே நினைக்கிறேன்.

பெற்றோருக்கு நடைமுறை யோசனை: அமெரிக்காவில் தொடரின் தரச்சான்று டிவி-பிஜி. கழிப்பறை நகைச்சுவை உண்டு, ஒருவரை ஒருவர் மட்டம் தட்டிப் பேசுவது அதிகம். குழந்தை பிடித்துக்கொள்வது பெரும்பாலும் இரண்டாவதைத்தான். ஓடவிட்டுப் போகாமல், அத்தியாயம் பொறுக்கிப் போடுங்கள். ‘ஃபைனலி எ லெஸன்’ சொத்து வாங்கி அதில் மதிப்புச் சேர்வதைப் பற்றிக் கூத்தாகச் சொல்கிறது. வங்கி ஊழியர் கூட இவ்வளவு தெளிவாகச் சொல்வாரா தெரியாது.

அடுத்தது ‘தி நைட் பிகின்ஸ் டு ஷைன்’. ‘40%, 40%, 20%’ அத்தியாயத்தில் சைபார்குக்குப் பிடித்த பாட்டாக வந்தது. கேட்டவர்கள் எல்லோரும் ஒரே தவறைச் செய்வார்கள்: ‘எண்பதுகளில் வந்த பாட்டு, எந்தக் குழு?’ என்று தேட ஆரம்பிப்பார்கள். கிடைக்காது. பி.இ.ஆர். என்ற மூவர் குழு, படங்களுக்கும் தொலைக்காட்சிக்கும் பின்னணியாக விற்பதற்கென்று எண்பதுகளின் பாணியில் 2000களில் செய்த பாட்டு அது. வரவேற்பு எவ்வளவு என்றால், 2017இல் நாலு பாகச் சிறப்புத் தொடராகவே அதை விரித்தார்கள். பழைய டைட்டில் பாட்டுப் பாடிய பஃபி அமியுமியும் அதில் வந்தார்கள். டீன் டைட்டன்ஸ் கோ! வெறுப்பவர்களும் ‘இதை மட்டும் விட்டுடு’ என்று சொல்வது இந்தப் பாட்டைத்தான்.

முப்பத்தெட்டு நாள்:

பழைய ரசிகர் ஒருவரை இதற்குள் கொண்டுவர வேண்டுமென்றால் முதல் சீசனிலிருந்து வரிசையாகப் போடாதீர்கள், அதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. கதைத் தொடர்ச்சி கிடையாது, வரிசைக்குப் பலனும் கிடையாது. 2018 ஜூலையில் வந்த டீன் டைட்டன்ஸ் கோ! திரைப்படத்திலிருந்து ஆரம்பியுங்கள். விமர்சகர்கள் தாராளமாகவே பாராட்டிய படம்.

படத்தில் இரண்டு இடத்தில் ஆளின் முகத்தைக் கவனியுங்கள். ஒன்று, ஸ்லேடை டைட்டன்ஸ் ‘டெட்பூல்’ என்று கூப்பிடும் இடம். ஸ்லேட் வில்சன் 1980இல் டிசியில் வந்தவன், டெட்பூலின் நிஜப் பெயரான வேட் வில்சன் 1991இல் போட்டி நிறுவனமான மார்வெலில் வந்தவன். இந்தப் பெயர் ஒற்றுமை தெரியாவிட்டால் ஜோக் பாதிதான் போய்ச் சேரும். இரண்டு, காலத்தில் பின்னே போய் மற்ற ஹீரோக்கள் உருவாகாமல் தடுத்துவிட்டு, பிறகு அதைச் சரிசெய்ய புரூஸ் வெய்னின் (பேட்மேனின்) பெற்றோரை, அவர்கள் கொல்லப்படும் அந்தச் சந்துக்குள்ளேயே திரும்பத் தள்ளும் இடம். இங்கே சிரித்தால் தேறிவிட்டார். உறைந்துபோனால் அவருக்கு இந்தத் தொடர் ஆகாது, அதோடு விடுங்கள்.

சூப்பர்மேனுக்குக் குரல் நிக்கோலஸ் கேஜ் என்பதற்கும் தனிச் சிரிப்பு உண்டு. தொண்ணூறுகளில் எடுக்காமலே கைவிட்ட படத்தில் அவர்தான் சூப்பர்மேனாக இருந்திருக்க வேண்டியவர்.

முக்கியமாக, பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் எழ விடாதீர்கள். நடுவில் 2003 ராபின் வருவார், திரும்பி வர வழி கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்வார். பழைய ரசிகர்கள் நிமிர்ந்து உட்கார்ந்த இடம் அது. ஐந்து சீசனோடு நின்ற பழைய தொடருக்கு ஆறாவது சீசன் வருகிறது என்று பலர் முடிவே கட்டிவிட்டார்கள். வந்தது, 2019இல் இரண்டு அணியும் மோதும் தனிப்படம். அதையே அடுத்ததாகப் போடுங்கள், பிறகு ‘லெட்ஸ் கெட் சீரியஸ்’, பிறகு ஸ்லேட் அத்தியாயம். ஆறாவது சீசன் வரும் என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

எரிச்சல் அண்ணன்:

எல்லாம் சரி. எனக்கு இன்னும் பிடிக்கவில்லை, அதற்கும் கணக்கு வைத்தே சொல்கிறேன். 2003 தொடர் மொத்தம் 65 அத்தியாயம். இது 400ஐத் தாண்டிவிட்டது. கார்ட்டூன் நெட்வொர்க் பல வருடம் தன் அட்டவணையில் இதையே அடுக்கடுக்காகப் போட்டு மற்றத் தொடர்களை ஓரங்கட்டியது. சாம்பார் நன்றாக இருக்கலாம், மூன்று வேளையும் சாம்பார் என்றால்? தொடரின் மேல் காட்டும் கோபத்தில் பாதி அட்டவணை போட்டவரின் மேல் காட்ட வேண்டியது. மீதிப் பாதி 2006 ஜனவரி 16 அன்று வந்த கடைசி அத்தியாயத்துக்கு உரியது. முன்பு அணியில் இருந்து கல்லாகிப்போன டெர்ரா மாதிரி இருந்த பெண் டெர்ராவேதானா, அந்த வெள்ளைப் பூதம் என்ன, ஒன்றுக்கும் பதில் இல்லாமல் விட்டார்கள். அந்தப் பாக்கியை டீன் டைட்டன்ஸ் கோ!விடம் வசூலிக்கப் பார்க்கிறோம்.

ஜப்பான் பாட்டு:

அண்ணே, கடைசி வரி நூத்துக்கு நூறு.

பாக்கி தீரணும்னா ஒரு சின்ன உதவி. ‘டீன் டைட்டன்ஸ் கோ!’ங்கற பேர்ல ரெண்டு காமிக்ஸ் இருக்கு, வாங்கும்போது நிறைய பேர் மாத்தி வாங்கிட்டுப் புலம்புறாங்க. 2004லருந்து 2008 வரைக்கும் 55 இதழ் வந்தது பழைய தொடரோட உலகம், எழுத்து ஜே. டாரஸ், படம் பெரும்பாலும் டாட் நாக். அஞ்சு பேரும் பழைய உருவத்துலயே இருப்பாங்க. இன்னொண்ணு புதுத் தொடருக்குப் பின்னாடி வந்தது, அட்டையிலயே பெரிய தலை, குட்டை உடம்பு. ஆன்லைன்ல பேரை மட்டும் பார்த்து ஆர்டர் போடாதீங்க, அட்டைப் படத்தையும் வருஷத்தையும் பார்த்துட்டுப் போடுங்க.