11 வயசுல சேணம் ஏறின குதிரை, யோசனை சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. என்கிட்ட 11 வயசுப் பெட்டைக் குதிரை ஒண்ணு இருக்கு. இதுவரைக்கும் குட்டி போடத்தான் வச்சிருந்தாங்க, சவாரிக்குப் பழக்கினது இப்பதான். எலும்பு வளர்ச்சியெல்லாம் எப்பவோ முடிஞ்ச வயசு, அந்தக் கவலை இல்லை. ஆனா முதுகுத் தசைக்கு ஆள் பாரம் புதுசு, அதனால சவாரியைச் சுருக்கமாவே முடிச்சுக்கறேன்.

கீழ நின்னு வேலை வாங்கினா தங்கம். கயித்தை லேசா அசைச்சாலே நிக்கும், திரும்பும், பின்வாங்கும். மேல ஏறினதும் வேற குதிரை! காது ரெண்டும் என் பக்கமே திரும்பிடும், கழுத்து விறைச்சிடும், மூச்சை அடக்கிக்கும். அது விறைக்க, என் கை தானா லகானை இறுக்க, அது இன்னும் விறைக்க... யாருக்கு யார் பயப்படறோம்னே தெரியல.

பல், முதுகு, சேணப் பொருத்தம் எல்லாம் பார்த்தாச்சு, வலி எதுவும் இல்லையாம். "ரெண்டு போடு, சரியாயிடும்" ரக யோசனை மட்டும் வேண்டாம்.

குதிரைக்கு நேர் பின்னால இருக்கிறது கண்ணுக்குத் தெரியாதே, அதனால மேல உக்கார்ந்து பேசிக்கிட்டே ஓட்டறேன். கொஞ்சம் பலன் தெரியுது.

கேள்வி இதுதான்: நடையிலேயே நிறுத்தம், திருப்பம் ரெண்டும் உறுதியாகட்டும்னு காத்திருக்கவா, இல்ல பழகின குதிரை ஒண்ணைத் துணைக்கு முன்னால விட்டு வெளிய கூட்டிட்டுப் போகவா? வயசான பிறகு பழக்கினவங்க, எந்த அறிகுறியைப் பார்த்து டிராட்டுக்கு (நடைக்கு அடுத்த வேக ஓட்டத்துக்கு) போனீங்கன்னும் சொல்லுங்க.