போக்குவரவு

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

எழுதுவதை விட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். நான் விட்டது 2003ல். மறுபடி உட்கார்ந்தது 2022ல். நடுவில் பத்தொன்பது வருஷம்.

விட்டேன் என்பதே கொஞ்சம் பெருமையான சொல்தான். யாரும் நாள் குறித்து விடுவதில்லை. பொள்ளாச்சியில் கல்லூரிக் காலத்தில் ஆரம்பித்து ஏழு கதைகள் அச்சில் வந்தன. கல்யாணமாகி கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி இந்தக் கேரளப் பக்கம் வந்தபோது எட்டாவது கதை பாதியில் இருந்தது. மாமனார் ஆஸ்பத்திரியிலிருந்து வரட்டும், பையன் பள்ளிக்கூடம் போகட்டும், கிணற்று மோட்டாரைச் சரிபண்ணி முடிக்கட்டும் என்று தள்ளிப்போட்டேன். பையன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். மோட்டார் மட்டும் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

எங்கள் ஊர் தெரியாதவர்களுக்கு: கடைப் பலகையில் மலையாளம், கடைக்குள்ளே தமிழ். பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுகாவில் கிழக்குப் பக்கம் பெரும்பாலும் இப்படித்தான். வீட்டில் தமிழ் பேசுவதால் எனக்குப் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. 2004ல் சித்தூர்ப் பக்கம் ஓர் ஆதாரமெழுத்து ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தேன். தமிழில் ஆதாரம் என்றால் சான்று. இங்கே அது நிலப்பத்திரம். மூன்று மாதத்தில் மலையாள எழுத்து பழகி, முதலில் கையால் நகல் எடுத்து, பிறகு கம்ப்யூட்டரில் டைப் அடித்து, கடைசியில் சார் வாயால் சொல்லச் சொல்ல முழு ஆதாரத்தையும் நானே அடிக்கும் அளவுக்கு வந்துவிட்டேன்.

(சித்தூரில் கும்ப மாசம் கொங்கன்படை என்று ஒரு திருவிழா நடக்கும். கொங்கு நாட்டிலிருந்து படையெடுத்து வந்தவனைப் பகவதி தோற்கடித்த கதை. சேர்ந்த முதல் வருஷம் ஆபீஸில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். தோற்ற கட்சிக்காரி என்ன செய்வாள், லீவை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.)

மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர், பட்டி என்றால் நாய் என்பதை வைத்து எல்லோரும் சொல்லும் நகைச்சுவையை இங்கே சொல்லப்போவதில்லை. கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. என்னை மாட்டவைத்தவை வேறு சொற்கள். அவசரம் என்றால் மலையாளத்தில் வாய்ப்பு. கத்து என்றால் கடிதம். சம்சாரம் என்றால் பேச்சு. உபன்யாசம் என்றால் கட்டுரை. கற்பனை என்பதைக் கல்பன என்பார்கள், அதற்குக் கட்டளை என்றும் ஒரு பொருள் உண்டு. நிலம் வாங்கினால் வில்லேஜ் ஆபீஸில் பெயர் மாற்ற வேண்டும் இல்லையா, நாம் பட்டா மாறுதல் என்போம், இங்கே அது போக்குவரவு. ஒரு பெயர் போகிறது, ஒரு பெயர் வருகிறது. இந்தச் சொல் மட்டும் எனக்கு முதல் நாளிலிருந்தே பிடித்துப்போனது.

ஆபீஸில் எனக்கென்று ஒரு தனி வேலை இருந்தது. கட்சிக்காரர் தமிழராக இருந்து மலையாளம் படிக்கத் தெரியாதவராகவும் இருந்தால், கையெழுத்துக்கு முன்னால் முழு ஆதாரத்தையும் தமிழில் சொல்லிக் காட்ட வேண்டும். முன்னாதாரம், அதாவது முந்தைய பத்திரம் எது, தண்டப்பேர் என்கிற நிலவரிக் கணக்கு நம்பர் என்ன, எத்தனை சென்ட், கிழக்கே யார், தெற்கே யார் என்று நான்கெல்லை வரை. பழைய முன்னாதாரங்களில் 1112 என்று வருஷம் போட்டிருக்கும். அது கொல்லம் ஆண்டு, 825 கூட்டினால் ஏறக்குறைய நம் கணக்கு வந்துவிடும். சித்தூர் அப்போது கொச்சி ராஜ்யம். பாலக்காடு டவுன் மலபார், அதாவது மெட்ராஸ் மாகாணம். ஜன்மம், காணம், வெறும்பாட்டம் என்று பழைய நில உரிமை, குத்தகை வகைகளெல்லாம் அந்தத் தாள்களில் வரும். 1970 ஜனவரியோடு குத்தகை முறையே ஒழிந்துவிட்டது. ஆனால் சொல் தாளில் இருக்கும்வரை யாராவது ஒரு பாட்டிக்கு அதைத் தமிழில் விளக்கித்தான் ஆக வேண்டும்.

2009 என்று நினைவு. ஒரு பாட்டி தன் பெயரில் இருந்த 62 சென்டைச் சின்ன மகனுக்கு இஷ்டதானமாக, அதாவது விலையில்லாமல், எழுதிக்கொடுக்க வந்திருந்தார். நான் வழக்கம்போலப் படித்துச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

“கிழக்க என்னன்னு போட்டிருக்குது கண்ணு?”

“வழிங்க, ஆத்தா.”

“வழி எங்க வந்துது? அது எங்கூட்டுக்காரரு வெட்டுன வாய்க்கா.”

சாரிடம் சொன்னேன். முன்னாதாரத்தில் வழி என்றுதான் இருக்கிறது, அதை மாற்றினால் நாளைக்குச் சிக்கல் என்றார். அவர் சொன்னதும் சரிதான். வாய்க்கால் தூர்ந்து எத்தனையோ வருஷமாக ஆட்கள் நடக்கும் பாதை அது. பாட்டியிடம் திரும்பி வந்து, இருப்பதைத்தான் எழுத முடியும் என்று சொன்னேன்.

“அப்பறம் எதுக்கு எனக்குப் படிச்சுக் காட்டறே?” என்றார்.

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. மகன் நடுவில் புகுந்து ஏதோ பேசிச் சமாளித்தார்.

சரி, திரும்பி வந்த கதைக்கு வருகிறேன். 2020ல் கொரோனாவுக்கு எல்லையை அடைத்தார்கள். பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போகும் அம்மா வீட்டுக்கு இ-பாஸ் இல்லாமல் போக முடியாமல் போனது. அம்மா என் பழைய டிரங்குப் பெட்டியை ஒழித்து, ஏழு கதைகளும் வந்த பத்திரிகைகளை எடுத்து வைத்திருந்தார். பாதை திறந்ததும் போய் எடுத்துவந்தேன். படித்தால் கூச்சமாக இருந்தது. ஏழு கதையிலும் ஒரு பெண் ஜன்னல் பக்கம் நிற்கிறாள். எதற்கு நிற்கிறாள் என்று எழுதிய எனக்கே தெரியவில்லை. ஒருத்தியாவது துணி காயப்போடக்கூடாதா?

அப்புறம் ஒன்றரை வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. 2022ல் ஆபீஸ் கம்ப்யூட்டரில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், விசைப்பலகையைச் சும்மா தமிழுக்கு மாற்றிப் பார்த்தேன். மலையாளத்தில் நான் இன்ஸ்கிரிப்ட் முறையில் அடித்துப் பழகியவள். இன்ஸ்கிரிப்ட்டில் எல்லா இந்திய மொழிக்கும் ஒரே அடுக்கு, மலையாளக் க இருக்கும் அதே விசையில்தான் தமிழ்க் க இருக்கிறது. இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. விரல் தானாகப் போய்த் தமிழ் வந்தது. பயமாக இருந்தது என்றால் நம்புவீர்களா? ஒரே சிரமம், மலையாளத்தில் மூன்று ககரம் கூடுதலாக உண்டு. விரல் பழக்கத்தில் அந்த விசைக்குப் போய்விடும், தமிழில் அங்கே ஒன்றும் இருக்காது. என் முதல் பக்கம் முழுக்க அப்படி ஓட்டை ஓட்டையாக இருந்தது.

எழுதியதைக் கல்லூரித் தோழிக்கு அனுப்பினேன். அவள் இரண்டு இடத்தில் வட்டம் போட்டு அனுப்பினாள். ஒன்று, ‘அவளுக்கு அவசரம் கிடைத்தது’. அவசரம் எப்படிடீ கிடைக்கும் என்று கேட்டிருந்தாள். இன்னொன்று, கதை தொடங்குமிடம். கதாநாயகியின் வீட்டை நான் கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என்று நான்கெல்லை சொல்லி ஆரம்பித்திருந்தேன். கிண்டல் பண்ணுவாள் என்று பார்த்தால், இதை மட்டும் மாற்றாதே என்றாள்.

அனுபவம் எல்லாம் எழுத்துக்கு உரம் என்று சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. மாமியார் படுக்கையில் கிடந்த மூன்று வருஷத்திலிருந்து எனக்கு ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை, தேடவும் இல்லை. அது அவருடைய மூன்று வருஷம். பத்தொன்பது வருஷத்தில் படிக்கும் பழக்கம் போனது, இருபத்தைந்து வயசுத் தைரியம் போனது, தமிழ்ச் சொற்கள் நிறையப் போயின. வந்தது ஒன்றுதான். ஒரு வாக்கியம் அடித்தால், இதைப் படித்துக் காட்டினால் அந்தப் பாட்டி என்ன கேட்பார் என்று தோன்றுகிறது. முக்கால்வாசி வாக்கியங்களை அதனால் அழித்துவிடுகிறேன்.

ஒரு வருத்தம் உண்டு. சித்தூரில் சோகநாசினி ஆற்றங்கரையில் எழுத்தச்சனின் குருமடம் இருக்கிறது. மலையாள மொழிக்குத் தந்தை என்று அவரைச் சொல்வார்கள், கடைசிக் காலத்தில் இருந்த இடம். விஜயதசமிக்குப் பையனை அங்கேதான் எழுத்துக்கு உட்காரவைத்தோம். அரிசியில் விரலைப் பிடித்து ஹரிஸ்ரீ எழுதினான். பள்ளிக்கூடமும் மலையாள மீடியம்தான், அது நான் எடுத்த முடிவு, இங்கேயே வேலை பார்க்கப்போகிறவனுக்கு அதுதான் சரி என்று நினைத்தேன். அவன் தமிழ் நன்றாகப் பேசுவான். படிப்பது எழுத்துக் கூட்டித்தான். என் புதுக் கதையின் முதல் பக்கத்துக்கு அவனுக்கு இருபது நிமிஷம் ஆனது. பிறகு, “நீயே படிச்சுக் காட்டும்மா” என்று கட்டிலில் சாய்ந்துவிட்டான்.

செங்கோட்டையிலிருந்து:

அக்கா, உங்களுக்குச் சொல் போனது. எனக்குப் போனது ஸீட்டு.

மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் புனலூரில் ஒரு கடையில் கணக்கு எழுதினேன். போக வர மீட்டர்கேஜ் ரயில். புளியரை, ஆரியங்காவு, குகை, கழுதுருட்டிக்குப் பக்கத்துப் பதின்மூன்று கண் பாலம் என்று மெதுவாக மலையேறி இறங்கும். 49 கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல். என் கவிதை எல்லாம் அந்த ஜன்னலோர ஸீட்டில் எழுதியவை. 2010 செப்டம்பரில் அகலப்பாதை வேலைக்காக ரயிலை நிறுத்தினார்கள். அப்புறம் பஸ்தான். அந்த வளைவுகளில் நின்றுகொண்டு போனவர்களுக்குத் தெரியும், கவிதை வராது, வேறுதான் வரும். எட்டு வருஷம் ஒரு வரி எழுதவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் வாழ்க்கைப் பாரம், மனச்சோர்வு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரி மட்டும் நம்பவில்லை. “ஒமக்கு ஒக்கார எடம் இல்ல, அவ்வளவுதான்” என்றாள்.

2018ல் ரயில் வந்தது. ஆனால் நான் 2017லேயே வேலையை விட்டு நின்றுவிட்டேன்! இப்போது மாசத்துக்கு இரண்டு தடவை தென்மலை வரை டிக்கெட் எடுத்து, ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வருகிறேன். அகலப்பாதை ரயில் கொஞ்சம் வேகம். பழைய ரயிலில் பதினாறு வரி வரும், இதில் பத்துதான் வருகிறது.

நகரியிலிருந்து:

இரண்டு பேரும் அழகாகக் காரணம் சொல்லிவிட்டீர்கள். நான் விட்டது சோம்பேறித்தனத்தால். எங்கள் தெரு முழுக்க விசைத்தறி, காலையிலிருந்து ராத்திரி வரை டக்டக்கென்று ஓடும். சத்தத்தில் எழுத முடியவில்லை என்று பதினோரு வருஷம் சொன்னேன். அதே சத்தத்தில்தான் என் தம்பி பரீட்சைக்குப் படித்து வேலைக்குப் போனான். கரண்ட் போய்த் தறி நின்ற நாளில்கூட நான் பேனாவைத் தொட்டதில்லை, திண்ணையில் உட்கார்ந்து பாதி தெலுங்கு பாதி தமிழில் ஊர்க்கதை பேசினேன். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. இந்த வருஷம் மறுபடி எழுதுகிறேன். ஏன் என்றும் தெரியவில்லை.

அக்கா, ஒன்று கேட்க வேண்டும். மூன்று தடவை படித்தும் கிடைக்கவில்லை. அந்தப் பாட்டி கடைசியில் கைநாட்டு வைத்தாரா இல்லையா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

செங்கோட்டை ஐயா, உங்கள் வீட்டம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

நகரித் தம்பிக்கு: வைத்தார். ரிஜிஸ்டர் ஆபீஸில் இடது பெருவிரலை மையில் ஒற்றி, காட்டின இடத்திலெல்லாம் வைத்தார். வெளியே வந்து விரலைச் சேலைத் தலைப்பில் துடைக்கப்போனவர், புதுச் சேலை என்று நினைவு வந்து, சுவரில் தேய்த்தார். வாய்க்காலைப் பற்றி மறுபடி பேசவில்லை. வேலந்தாவளம் பஸ் எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டார்.