புதுப்பிப்பு: எங்கள் தெரு வேகத்தடை என்ன ஆச்சு

மெயின் ரோடு நெரிசலுக்குப் பயந்து பைக்குகள் எங்கள் தெருவில் புகுந்து பறக்கின்றன, வேகத்தடை போடலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பலரும் போடச் சொன்னீர்கள். அதற்குள் தெருக்காரர்களே காசு சேர்த்து, அனுமதி எதுவும் வாங்காமல், ஒரே ராத்திரியில் சிமென்ட் மேடு போட்டுவிட்டார்கள். அகலம் ஒரு முழம்கூட இல்லை, உயரமோ ஒரு செங்கல். ஸ்கூட்டர் அடி உரசுகிறது, மழைத் தண்ணீர் தேங்குகிறது, பைக்காரர்களோ ஓரத்தில் தண்ணீர் போக விட்ட சந்தில் நுழைந்து, வாசல் கோலத்தை ஒட்டி அதே வேகத்தில் போகிறார்கள்.

சாலைகளுக்கு அளவு வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் அளவு 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 25 கி.மீ. வேகத்தில் பெரிதாகக் குலுங்காமல் ஏறி இறங்கலாம். அதையும் ஒன்றே ஒன்று போட்டால் தாண்டியதும் முறுக்கத்தான் செய்வார்கள்.

அதனால் இதை உடைத்துவிட்டு, சரியான அளவில் இடைவெளி விட்டு மூன்று மேடு, அப்புறம் தெருமுனையில் நடைபாதையை நீட்டித் திருப்பத்தைக் குறுக்குவது என்று மனு கொடுத்திருக்கிறோம். எனக்கென்னவோ அந்தத் திருப்பம்தான் முக்கியம் என்று படுகிறது, வண்டி உள்ளே நுழையும்போதே வேகம் குறைந்துவிடும்.

மேஸ்திரி உடைக்கவும் அதே கூலி கேட்கிறார்.