"ஒரு சதமும் செலவில்லை" என்று புதியவர்களை ஏமாற்றாதீர்கள்

வாவிக்கரை:
நமது இணைய மன்றத்தில் மருதமுனையிலிருந்து புதிதாகச் சேர்ந்த உறுப்பினர் ஒருவர், தமது வீட்டார் தறியில் நெய்யும் சாரன்களையும் சேலைகளையும் வெளியூரார் பார்க்கும்படி ஓர் இணையத்தளம் அமைக்க விரும்புவதாகவும், கணினி அறிவு தமக்கு இல்லை என்றும், எங்கிருந்து தொடங்குவது என்றும் நேற்றுக் கேட்டிருந்தார். அக்கரைப்பற்றான் கொடுத்த பதில் இது: "டொமைனை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். புளொக்கரில் ஒன்றைத் திறவுங்கள். ஒரு சதமும் செலவில்லை." டொமைன் என்பது தளத்துக்கென்று பணம் கட்டிப் பதிவு செய்யும் விலாசப் பெயர்; புளொக்கர் என்பது கூகுள் இலவசமாக நடத்தும் தளச் சேவை. அந்தப் பதிலின் கீழே நன்றி சொல்ல ஒரு வரிசையே நிற்கிறது. பார்த்துவிட்டுப் பேசாமல் போக என்னால் முடியவில்லை.

இணையத்தளத்தில் உங்களுக்குச் சொந்தம் என்று சொல்லத்தக்கது பெயர் ஒன்றுதான். படங்களை மாற்றலாம், வடிவமைப்பை மாற்றலாம், தளத்தின் கோப்புகளை வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்தையே மாற்றலாம்; பெயர் மாறினால், பழைய விலாசத்தை வைத்துத் தேடி வருபவர் வெறும் பக்கத்தில் போய் நிற்பார். இலவச விலாசத்தில் தளம் அமைப்பது, பிறருடைய வளவில் வாடகையும் இல்லாமல், காணி உறுதியும் இல்லாமல் கல்வீடு கட்டுகின்ற வேலை. யாஹூ, ஜியோசிட்டீஸ் என்ற இலவசத் தளச் சேவையை 2009 ஒக்டோபரில் மூடியது. கூகுள், சிறு வியாபாரங்களுக்கு இலவசமாகக் கொடுத்துவந்த தளங்களை 2024 மார்ச்சில் நிறுத்தியது. வந்தவர்களைக் கடையின் கூகுள் விவரப் பக்கத்துக்குத் திருப்பி விடுவதையும் அவ்வருடம் ஜூனுடன் முடித்துக்கொண்டது. பெயர் அட்டையில் அந்த விலாசத்தை அச்சடித்தவர்கள் என்ன செய்வது? ஆகவே முதல் நாள், முதல் வேலை, டொமைன்.

அக்கரைப்பற்றான்:
வாவிக்கரை அண்ணன் என் பதிலில் மூன்று வரிகளை எடுத்துக்கொண்டு நான்காவது வரியை வசதியாக விட்டுவிட்டார். "தளம் உருப்பட்டால் பிறகு டொமைனை வாங்கி இணைத்துக்கொள்ளலாம்" என்பதே அந்த வரி. புளொக்கரில் அப்படி இணைப்பதற்குக் கூகுள் கட்டணம் வாங்குவதில்லை. இணைத்த பின்னர், புளொக்கர் முதலில் இலவசமாகக் கொடுத்த பழைய புளொக்ஸ்பொட் விலாசத்துக்கு வருபவரும் தாமாகவே புதிய விலாசத்துக்குக் கொண்டுசெல்லப்படுவார். அண்ணன் சொல்லும் வெறும் பக்கம் இதில் எங்கே வருகிறது?

மூடியவற்றின் பட்டியலைப் படித்தவர், மூடாததையும் சொல்லியிருக்கலாம். புளொக்கரை 1999இல் பைரா லாப்ஸ் தொடங்கியது, 2003இல் கூகுள் வாங்கியது, இன்றும் அது இயங்குகிறது. மறுபக்கம், முதல் நாளே டொமைன் வாங்கியவர்களின் கதையை அறிய விரும்புகிறவர்கள், வீட்டில் கிடக்கும் பழைய பெயர் அட்டைகளில் உள்ள விலாசங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கட்டும். பாதி "விரைவில் எதிர்பாருங்கள்" என்று நிற்கும். மீதி திறக்கவே திறக்காது. புதியவருக்கு முதலில் வேண்டியது காட்டுவதற்கு நல்ல படங்களும், சொல்வதற்கு நாலு வரியும், அவற்றை ஏற்றிப் பழகும் துணிவும்தான். அண்ணனுக்கு டொமைனில் ஏன் இத்தனை அவசரம் என்பதை, வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குத் தமது வங்கி அட்டையைப் பயன்படுத்தி மற்றவர்களுக்கு டொமைன் வாங்கிக் கொடுத்து வருகிறேன் என்று அவரே முன்பு இங்கே எழுதியதை நினைவில் வைத்திருப்பவர்கள் அறிவார்கள்.

வாவிக்கரை:
எதிர்பார்த்தேன். வாதம் தீர்ந்தவுடன் ஆளைப் பிடிப்பது அக்கரைப்பற்றானுக்குப் பழக்கம். அட்டை இல்லாத பிள்ளைகளுக்கு உதவியதைத் தரகு என்கிறார். வாங்கிய விலைக்குமேல் நான் எவரிடமும் வாங்கியதில்லை, அவர்களும் இங்கேதான் இருக்கிறார்கள், கேட்டுக்கொள்ளலாம்.

திருப்பி விடும் வசதி எனக்குத் தெரியும். அந்தத் திருப்புதலைச் செய்வது யார்? புளொக்கர். புளொக்கர் இருக்கும்வரைக்கும்தான் அது. நாளைக்கு அந்தக் கணக்கு முடக்கப்பட்டால், பழைய விலாசமும் போகும், திருப்புதலும் போகும். சொந்த டொமைன் இருந்தால், புளொக்கரிலிருந்து வேர்ட்பிரஸ், கிட்ஹப் பேஜஸ் போன்ற வேறு தளச் சேவைக்குப் போனாலும் வாடிக்கையாளருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. விக்ஸ் என்ற தளம் கட்டும் சேவையில் தொடங்கியவர்களைக் கேளுங்கள்: அங்கே கட்டிய தளத்தைக் கோப்புகளாக எடுத்து வேறிடத்தில் ஏற்ற வழியே இல்லை, தளம் போனாலும் கையில் மிஞ்சுவது பெயர்தான். இதை மூன்றாவது முறையாகவும் சொல்கிறேன்: முதலில் பெயர்.

மருதமுனைத் தறி:
கேள்வி கேட்டவள் நான்தான். இரண்டு காக்காமாரும் எனக்காக இவ்வளவு எழுதியதற்கு நன்றி. ஆனால் நான் இணையத்தில் விலை போட்டு விற்கப் போவதில்லை; படமும் அளவும் தொலைபேசி இலக்கமும் இருந்தால் போதும். அதற்கு எந்த வகையான தளம் வேண்டும் என்பதை எவரும் இன்னும் சொல்லவில்லை. இன்னொன்று, கல்முனையில் ஓர் அச்சகத்தில் எங்கள் துண்டுப்பிரசுரத்துக்காகத் தட்டச்சு செய்த தமிழ் விவரத்தை வாங்கி வந்து தளத்தில் ஒட்டிப் பார்த்தேன். எல்லாம் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரிகின்றன. என்ன செய்வது?

களுதாவளை ஆசிரியர்:
அது பாமினி, பிள்ளை. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தவை உள்ளே ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்படுகின்றன. அந்த எழுத்துரு உள்ள கணினியில் மட்டும் தமிழ்போலத் தோற்றம் தரும். இணையத்துக்கு வேண்டியது, எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் கொடுக்கும் பொதுமுறையான யுனிகோடு. தமிழுக்கு 1991இல் வந்த முதலாவது யுனிகோடு பதிப்பிலேயே இடம் கிடைத்துவிட்டது. இன்றைக்கும் நமது அச்சகங்கள் பலவற்றில் பாமினியை விட்டு நகர மறுக்கிறார்கள், கேட்டால் கை பழகிவிட்டது என்கிறார்கள். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாக உள்ளன. மாற்றிய பின் ஒற்றெழுத்துகளையும் கொம்புகளையும் ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள். பாமினியில் விட்டால் கூகுளில் "மருதமுனைச் சாரன்" என்று தேடுகிறவருக்கு உங்கள் பக்கம் அகப்படவே அகப்படாது. படங்களையும் தொலைபேசி எடுத்தபடியே ஏற்றாதீர்கள். ஒவ்வொன்றும் பல மெகாபைட் இருக்கும், 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து ஏற்றினால் தாராளமாகப் போதும்.

இருவருக்கும் ஒரு வார்த்தை. டிம் பேர்னர்ஸ் லீ சேர்ன் ஆய்வுகூடத்தில் வைத்து 1991இல் உலகுக்குத் திறந்துவிட்ட முதலாவது இணையத்தளம், தலைப்பும் பத்தியும் இணைப்பும் கொண்டு, எச்டிஎம்எல் என்ற பக்கக் குறிமொழியில் எழுதிய சாதாரணப் பக்கம். அந்த மூன்றையும் எழுதப் பழக ஒரு பிள்ளைக்கு அதிக நேரம் ஆகாது. அதைக் கற்றுக்கொடுக்காமல் எந்தக் கடையில் வாங்குவது என்று சண்டை பிடிக்கிறீர்கள்.

வாவிக்கரை:
ஆசிரியர் சேர் பாமினியைப் பற்றிச் சொன்னது முழுவதும் சரி. எச்டிஎம்எல் பற்றிச் சொன்னது, கணினி அறிவு இல்லை என்று சொல்லி வந்தவரிடம் சொல்லத் தக்கதல்ல. சென்ற வருடம் கோயில் மலருக்கான பக்கத்தை நான் வேர்ட்பிரஸில் செய்தபோதும் சேர் இதையேதான் சொன்னார். மலர் வெளிவந்தது, சேரின் எச்டிஎம்எல் பக்கம் இன்னும் வெளிவரவில்லை. அதை விடுவோம். சேர் எழுதும் பக்கத்தை எங்கே வைத்தாலும் அதற்கு ஒரு விலாசம் வேண்டும் அல்லவா? அந்த விலாசம் எவருடையது?

களுதாவளை ஆசிரியர்:
கோயில் மலரில் என் கட்டுரைக்கு நேர்ந்த ஒற்றுப்பிழைகளை எண்ணியவர்கள் இருக்கிறார்கள். நான் எண்ணவில்லை, எண்ணி முடியாது என்பதால்.

பொத்துவில் விடுதி:
டொமைன் முதலில் என்ற கட்சிக்காரர்கள் ஒன்றைச் சொல்லாமல் விடுகிறார்கள். அறுகம்பையில் எங்கள் விடுதிக்குத் தளம் செய்தபோது, முதல் நாளே டொமைன் வாங்கினோம். வாங்கிக் கொடுத்தவர் தமது சொந்த மின்னஞ்சலில், தமது பெயரில் பதிவு செய்திருந்தார். பிறகு அவர் கட்டாருக்குப் போய்விட்டார். அந்த மின்னஞ்சலை அவர் பார்ப்பதும் இல்லை. புதுப்பிக்கும் அறிவித்தல் அங்கே போனது, டொமைன் எங்கோ போனது. இப்போது அதே பெயரில் சீன எழுத்துகளில் ஏதோ விளம்பரம் ஓடுகிறது. உல்லாசப் பயணிகளுக்கு நாங்கள் கொடுத்த அட்டையில் இன்னும் அந்த விலாசம் இருக்கிறது.

வாவிக்கரை:
பொத்துவில் நண்பருக்கு நேர்ந்தது வருத்தத்துக்குரியது; ஆனால் அவர் என்னுடைய வாதத்தையே நிரூபித்திருக்கிறார். பெயர் போனதனால்தான் எல்லாம் போனது. ஆகவே முதலில் பெயர், அதுவும் உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பெயரில். டொட் கொம் போன்ற டொமைனை வாங்கியவுடன் வரும் உறுதிப்படுத்தும் மின்னஞ்சலைத் தட்டாமல் விட்டால், 15 நாட்களுக்குப் பிறகு டொமைனே இடைநிறுத்தப்படலாம். அது டொமைன் பெயர்களை உலகளவில் மேற்பார்வை செய்யும் ஐகான் அமைப்பின் விதி. மற்றவருடைய மின்னஞ்சலுக்கு அது போனால் உங்களுக்குத் தெரியவே வராது.

பொத்துவில் விடுதி:
நான் நிரூபித்தது அதுவல்ல. டொமைன் வாங்காமல் புளொக்கரில் இருந்திருந்தால், விலாசம் என் கூகுள் கணக்கில் என்னிடமே இருந்திருக்கும் என்பதை நிரூபித்தேன்.

அக்கரைப்பற்றான்:
இதைத்தான் நானும் காத்திருந்தேன். சொந்தம், சொந்தம் என்று அண்ணன் நெஞ்சில் அடித்துக்கொள்ளும் டொமைனும் வருடக் கணக்கில் எடுக்கும் குத்தகையே. கட்டாவிட்டால், டொட் கொம் என்றால், டொமைன் விற்கும் நிறுவனமான பதிவாளரைப் பொறுத்து 45 நாட்கள் வரை அவகாசம். பிறகு 30 நாட்கள் மீட்கும் காலம், அதற்கு வேறாகப் பெருந்தொகை. பிறகு 5 நாட்கள். அதன்பின் யாரும் எடுக்கலாம். முதல் வருடத்துக்கு மலிவாகக் காட்டிவிட்டு இரண்டாம் வருடத்தில் முழு விலையைக் கேட்கும் பதிவாளர்கள் எத்தனையோ பேர். அட்டை காலாவதியாகியிருந்தால் தானாகப் புதுப்பிக்கும் வசதியும் வேலை செய்யாது. கூகுளே தனது டொமைன் வியாபாரத்தை 2023இல் ஸ்குவெயார்ஸ்பேஸுக்கு விற்றுவிட்டது. புளொக்கர் மூடப்படலாம் என்று பயமுறுத்துகிறவர், டொமைன் விற்ற கடை கைமாறியதை ஏன் சொல்லவில்லை?

வாவிக்கரை:
கடை கைமாறினாலும் அங்கே வாங்கிய டொமைன்கள் அவரவரிடமே இருந்தன, வேறு பதிவாளருக்கு மாற்றிக்கொண்டு போகவும் முடிந்தது. இதைத்தானே ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்! புளொக்ஸ்பொட் விலாசத்தை அப்படி எடுத்துக்கொண்டு வேறிடம் போக முடியுமா? அக்கரைப்பற்றான் இதற்கு மட்டும் பதில் சொல்வதில்லை.

வெளிநாட்டுப் பதிவாளர் பயம் என்றால், இலங்கைக்குரிய டொட் எல்கே வாங்கலாம். ரூபாயில் கட்டலாம், நம் நாட்டுப் பதிவகம். தமிழிலேயே பெயர் வேண்டுமென்றால் 2010 முதல் டொட் இலங்கை என்ற முடிவும் உண்டு. வாங்கியபின், தளத்துக்கும் பார்ப்பவருக்கும் இடையே போகும் தகவலைப் பிறர் படிக்காமல் காக்கும் பாதுகாப்புச் சான்றிதழுக்கு வேறாகப் பணம் வேண்டும் என்று எவராவது கேட்டால் கொடுக்க வேண்டாம். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2015 முதல் அதை இலவசமாக வழங்குகிறது, புளொக்கரிலும் அமைப்புப் பக்கத்தில் ஒரு தெரிவை இயக்கினால் போதும். நான் எல்லாவற்றுக்கும் பணம் கட்டச் சொல்கிறவன் அல்ல. பெயருக்கு மட்டும் கட்டுங்கள் என்கிறேன்.

ஏறாவூர் இளைஞன்:
வேர்ட்பிரஸ் பற்றி யாராவது விளக்கமாகச் சொல்ல முடியுமா? டொட் கொம், டொட் ஓர்க் என்று இரண்டு இருக்கின்றனவே.

அக்கரைப்பற்றான்:
வேர்ட்பிரஸ் டொட் கொம்மில் தளத்தை அவர்களே நடத்துவார்கள். டொட் ஓர்க்கில் மென்பொருளை எடுத்து, ஹோஸ்டிங் வாங்கி, நீங்களே நடத்த வேண்டும், ப்ளக்இன் என்ற துணை மென்பொருள்களை விடாமல் புதுப்பிக்க வேண்டும், விட்டால் திருடர் புகுவர். இனி, அண்ணனின் டொட் எல்கே. 2021 பெப்ரவரி 6ஆம் திகதி கூகுள் டொட் எல்கே என்று அடித்தவர்கள் வேறொரு பக்கத்துக்குத் திருப்பப்பட்டதை அண்ணன் மறந்திருக்கலாம், நாங்கள் மறக்கவில்லை. டொட் எல்கே பதிவகத்தின் மீதான தாக்குதலில் கூகுளுக்கே அந்த நிலை என்றால், மருதமுனைத் தறிக்கு எந்த நிலை?

வாவிக்கரை:
அது சில மணி நேரத்தில் சீர்செய்யப்பட்ட சம்பவம். அதைத் தூக்கிக்கொண்டு வந்தவர், டொமைன் வாங்காமல் இருப்பதற்கு எத்தனை தூரம் போய் நியாயம் தேடுகிறார் என்பதை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது: புளொக்ஸ்பொட் விலாசத்தை எடுத்துக்கொண்டு வேறிடம் போக முடியுமா, முடியாதா?

மருதமுனைத் தறி:
பாமினியை மாற்றிவிட்டேன், ஆசிரியர் சேருக்கு நன்றி. படங்களையும் சுருக்கி ஏற்றியாயிற்று. கைத்தொலைபேசியில் பார்க்கும்போது சேலைப் படங்கள் நன்றாக வருகின்றன. அளவு அட்டவணை மட்டும் திரைக்கு வெளியே ஓடுகிறது. அதை எப்படி உள்ளே கொண்டுவருவது?

வாவிக்கரை:
எந்த விலாசத்தில் ஏற்றினீர்கள் தங்கச்சி?

அக்கரைப்பற்றான்:
அட்டவணையைக் கேட்டால் விலாசத்தைக் கேட்கிறார். தங்கச்சி, நாலு நிரலை இரண்டாக்குங்கள், அல்லது அளவுகளை ஒவ்வொரு படத்தின் கீழும் வரியாக எழுதிவிடுங்கள். அண்ணனுக்குப் பதில் எழுத வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

வாவிக்கரை:
அவசியம் உண்டு. அந்தத் தொலைபேசி இலக்கத்துக்கு மேலே என்ன விலாசம் அச்சடிக்கப் போகிறார் என்பதை அறியாமல் எவரும் அவருக்கு ஆலோசனை சொல்ல முடியாது. ஹோஸ்டிங் பற்றியும் நாளை விரிவாக எழுதுகிறேன்.

பொத்துவில் விடுதி:
எழுதும்போது கடவுச்சொல்லை எவர் வைத்திருப்பது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கட்டாருக்குப் போகாதவராகப் பார்த்து.