கில்சோன் 2: அது கனமா, தாமதமா?

திருநெல்வேலி77:
நேற்று பனங்கொட்டை இங்கே எழுதியதைப் பார்த்தீர்களா? "பிளேஸ்ரேஷன் 3 இல் வந்த விண்வெளிச் சூட்டு விளையாட்டுகளில் கில்சோன் 2ஐ மிஞ்ச ஒன்றுமில்லை, துவக்கின் கனம்தான் அதன் அழகு" என்றிருக்கிறார். வாசித்ததும் தேத்தண்ணி புரைக்கேறிவிட்டது. கனமாம்! ஸ்டிக்கைத் தள்ளி ஒரு மூச்சு விட்ட பிறகுதான் குறி நகருது. வயல் சேற்றில் மாடு கால் தூக்குகிற மாதிரி. அதற்குப் பெயர் கனமில்லை, தாமதம். படம் வடிவு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பத்துக்கு ஆறுதான்.

பனங்கொட்டை:
ஆறா? விமர்சகர்களின் புள்ளிகளைச் சேர்த்துக் கணக்கிடுகிற மெற்றாகிரிற்றிக் தளத்தில் நூற்றுக்கு 91 வாங்கிய கேமுக்கு ஆறு போட ஒரு துணிவு வேணும்.

தம்பி, அதில் நீங்கள் கவசம் போட்டுக்கொண்டு எதிரியின் ஹெல்கான் கிரகத்தில் இறங்குகிற படைவீரன். தும்பி மாதிரித் திரும்ப ஏலுமா? அந்தச் செம்மஞ்சள் கண் முகமூடிக்காரனுக்கு ஒருக்கா வைத்துப் பாருங்கள். தோளில் பட்டால் தோள் பின்னுக்குப் போகும், காலில் பட்டால் தடுமாறி விழுவான். ஆணி மாதிரிப் பாய்கிற போல்ட் துவக்கால் அடித்தால் ஆளைச் சுவரோடு அறைந்துவிடும். இதெல்லாம் கையில் விளங்க வேண்டுமென்றால் துவக்குக்குக் கனம் இருக்கத்தான் வேண்டும்.

ஸ்காபரோ_சிங்கம்:
ஹேலோ 3 விளையாடின ஆட்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். 2007 இல் வந்தது. அழுத்தினால் வெடிக்கும். நாலு பேர் சேர்ந்து கதையை முடிக்கலாம். கில்சோன் 2 கதையில் இரண்டு பேர் சேர்ந்து விளையாடவே வழியில்லை. பக்கத்தில் றீக்கோ என்று ஒருவன் கத்திக்கொண்டே வருவான், அவ்வளவுதான்.

பனங்கொட்டை:
ஹேலோ எக்ஸ்பொக்ஸ் கேம். தலைப்பு பிளேஸ்ரேஷன் 3. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசியுங்கோ.

இடியப்ப_உரல்:
ஒரு சின்னக் கேள்வி. கனம் என்று எதைச் சொல்கிறீர்கள், தாமதம் என்று எதைச் சொல்கிறீர்கள்? பொத்தானை அழுத்திய பிறகு திரையில் எதுவும் நடக்காமல் இருக்கிற நேரம் ஒன்று. நகரத் தொடங்கிய குறி மெதுவாக வேகம் எடுப்பது இன்னொன்று. இரண்டும் வேறு வேறு அல்லவா?

திருநெல்வேலி77:
அதெல்லாம் தேவையில்லை. அழுத்தினேன், சுடவில்லை. செத்தேன்.

பனங்கொட்டை:
சுடவில்லையா, நீங்கள் பிந்தி அழுத்தினீர்களா? எந்த ரீவி என்று முதலில் சொல்லுங்கள்.

சரி, தொழில்நுட்பத்துக்கே வருவோம். கில்சோன் 2 720பி, அதாவது படத்துக்கு 720 வரி, செக்கனுக்கு 30 படம். ஒரு படத்துக்கு 33 மில்லி செக்கன். கால் ஒஃப் டியூட்டி 4 அறுபது ஓடியது, அதில் பாதி நேரம்தான். அதை விளையாடிப் பழகின கைக்கு இது பாரமாகத்தான் தெரியும். அந்த 33க்குள் கேமைச் செய்த கெரில்லாக்காரர் செய்த வேலையைப் பாருங்கள். பொருளின் நிறம், ஆழம், பரப்பு பார்க்கிற திசை எல்லாவற்றையும் முதலில் தனித்தனியாக எடுத்து வைத்துவிட்டு, வெளிச்சத்தைக் கடைசியில்தான் பூசுகிறார்கள். ஒரே தெருவில் அத்தனை விளக்கும் நெருப்பும் எரிவது அதனால்தான். 2009 இல் எத்தனை பேர் செய்தார்கள்?

ஸ்காபரோ_சிங்கம்:
ஹேலோ 3உம் 30 தான், அண்ணை. அது பாரமில்லையே. அப்போ 33 கணக்கு எங்கே போனது?

பனங்கொட்டை:
ஹேலோ 3 முழு 720 கூட இல்லை, 640 தான். அதைச் சொல்ல மாட்டீர்கள்.

ஸ்காபரோ_சிங்கம்:
நான் கேட்டது கையைப் பற்றி. நீங்கள் கண்ணைப் பற்றிச் சொல்கிறீர்கள்.

திருநெல்வேலி77:
2005 இல் ஈ3 கேம் கண்காட்சியில் காட்டிய ட்ரெயிலரை மறந்துவிட்டீர்களா? கேம் இப்படித்தான் இருக்கும் என்று உலகமே வாயைப் பிளந்தது. பிறகு பார்த்தால் முன்கூட்டியே கணினியில் செய்த படம். பொய்யில் தொடங்கிய கேம்.

பனங்கொட்டை:
நாலு வருசத்தில் அந்தப் பொய்க்குக் கிட்டத்தட்டப் பக்கத்தில் வந்து நின்றார்களே, அது உங்கள் கண்ணில் படாது. இன்னொன்று, வெளிவந்த பிறகு அப்டேற்றில் உயர் துல்லியம் என்று ஒரு தெரிவு கொடுத்தார்கள். அதைப் போட்டால் குறி வெண்ணெய் மாதிரிப் போகும். நீங்கள் போட்டீர்களா?

திருநெல்வேலி77:
திருத்தினார்கள் என்றால் முதலில் பிழை இருந்தது என்றுதானே அர்த்தம்? நீங்களே ஒத்துக்கொண்டுவிட்டீர்கள். நன்றி, வணக்கம்.

பனங்கொட்டை:
நான் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. பழக்கமில்லாத கைகளுக்குக் கைத்தடி கொடுத்தார்கள்.

உங்கள் கதை எனக்குத் தெரியும், தம்பி. யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்த பிறகு பரமேஸ்வராச் சந்திப் பக்கம் திரைச்சீலை போட்ட ஒரு கடை இருந்ததே, மணித்தியாலக் கணக்குக்குக் காசு வாங்குகிற கடை, அங்கேதான் நீங்களும் விளையாடினீர்கள், நானும் விளையாடினேன். அந்தப் பிளேஸ்ரேஷன் ஒரு நாளாவது இணையத்தைக் கண்டதா? அப்டேற்றே ஏறவில்லை. ரீவி யாரோ லண்டனிலிருந்து கொண்டுவந்து போட்டது. ரிமோற் இல்லை. படத்தை மெருகேற்றாமல் உடனே காட்டுகிற கேம் மோட் எங்கே இருக்கிறதென்று கடைக்காரருக்கே தெரியாது. அந்த ரீவி படத்தை மெருகேற்றி முடிக்கவே தனியாக நேரம் எடுக்கும். அங்கே விளையாடிவிட்டுக் கேமில் பிழை என்று பத்து வருசமாகச் சொல்லித் திரிகிறீர்கள்.

திருநெல்வேலி77:
அதே கடை, அதே ரீவி, அதே கதிரை. அதில் ஃபீஃபா எப்படி ஓடியது? மோதலில் நீங்கள் என்னிடம் தோற்றதை மறந்துவிட்டீர்களோ?

பனங்கொட்டை:
அது கள்ளக் கொன்ட்ரோலர். கில்சோனில் வால்வு திருப்ப வேண்டிய இடம் ஞாபகம் இருக்கா? கொன்ட்ரோலரையே கையில் பிடித்து முறுக்க வேண்டும். கடைக் கொன்ட்ரோலரில் சாய்வை உணர்கிற சாமானே இல்லை. நான் மணிக்கட்டு நோக முறுக்கிக்கொண்டு நிற்கிறேன், வால்வு அசையவில்லை, பின்னால் நாலு பெடியள் "அண்ணை, மணி ஓடுது" என்கிறார்கள். அடுத்த கிழமை வீட்டிலிருந்து என்னுடையதைக் கொண்டுபோனேன். அந்தக் கொன்ட்ரோலரைத்தான் நல்லூர்த் திருவிழா நேரம் ஒருவர் "ஒரு நாள்தான்" என்று வாங்கிப்போனார். திரும்பி வந்தபோது இடது ஸ்டிக் தானாக மேலே போனது. பெயர் சொல்ல மாட்டேன். எண் 77இல் முடியும்.

திருநெல்வேலி77:
அது ஏற்கெனவே அப்படித்தான் இருந்தது!!! இதை எத்தனை தரம் சொல்வது?

இடியப்ப_உரல்:
நான் கேட்டதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை. போனில் மெதுபதிவு இருக்கிறதே, செக்கனுக்கு 240 படம். விரலும் திரையும் தெரிகிற மாதிரிப் பிடித்து, விரல் கீழே போன படத்திலிருந்து துவக்கு வாயில் வெளிச்சம் வருகிற படம் வரை எண்ணுங்கள். கேம் மோட் போட்டு ஒருக்கா, போடாமல் ஒருக்கா. சண்டை முடிந்துவிடும்.

திருநெல்வேலி77:
போன சனி பனங்கொட்டை வீட்டிலேயே செய்தோம். நான் எண்ணினால் ஒரு கணக்கு, அவர் எண்ணினால் நாலு படம் குறைய. விரல் பொத்தானைத் "தொட்டது" வேறாம், "அழுத்தியது" வேறாம். இரண்டாம் முறை எடுக்கத் தொடங்க கரண்ட் போய்விட்டது.

பனங்கொட்டை:
தொட்டதும் அழுத்தியதும் வேறுதான். சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஸ்காபரோ_சிங்கம்:
இங்கே கரண்ட் போவதில்லை. நான் எண்ணி அனுப்பட்டா?

பனங்கொட்டை:
குளிரில் விறைத்த விரலுக்கு எல்லாமே தாமதம்தான். ஒரு காலத்தில் நான் ஒன்லைனில் கில்சோன் 2இன் வோர்சோன் ஆட்டம் விளையாடியவன். 32 பேர், ஒரே ஆட்டத்துக்குள் நோக்கம் மாறிக்கொண்டே இருக்கும். எல்லோருக்கும் அதே கனம். ஒருவரும் அழவில்லை. 2018 இல் அந்தச் சேவரைப் பூட்டிய அன்று எனக்கு இருந்த கவலை இங்கே யாருக்கும் விளங்காது. அதைப் பார்க்காதவர்கள் ஆறு, ஏழு என்று புள்ளி போட வேண்டாம்.

திருநெல்வேலி77:
இப்போது ஐந்தரை.

பனங்கொட்டை:
போடுங்கள். ரீவி எந்த வகை என்று மட்டும் இன்னும் சொல்லவில்லை.

திருநெல்வேலி77:
அழுத்தினேன். சுடவில்லை.

பனங்கொட்டை:
ஸ்டிக்குக்குக் காசு எப்ப வரும்?