தூத்துக்குடி மக்ரூன் தட்டில் பரவுகிறது, மறுநாள் பிசுபிசுக்கிறது. எங்கே தப்பு?

வேளச்சேரிவாசி:
வணக்கம். அப்பாவுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. முத்துநகர் எக்ஸ்பிரஸில் யார் வந்தாலும் மக்ரூன் பொட்டலம் ஒன்று வீட்டுக்கு வந்துவிடும். இப்போது அப்படிக் கொண்டுவர ஆள் இல்லை, அதனால் வீட்டிலேயே செய்ய ஆரம்பித்தேன். சரியாக வரவே மாட்டேன் என்கிறது.

அளவு: 4 முட்டையின் வெள்ளைக்கரு, 200 கிராம் சர்க்கரை, 250 கிராம் முந்திரி. மின்சார பீட்டரில் அடிக்கும்போது வெள்ளைக்கரு நன்றாகவே நுரைக்கிறது, கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழுவதில்லை. முந்திரித் தூளைக் கலந்ததும் இளகிவிடுகிறது. கவரின் மூலையை வெட்டிப் பிழிந்தால் கூம்பாக நிற்காமல் வடை மாதிரி பரவுகிறது. ஓடிஜியில் (சின்ன மின்சார ஓவன்) மேல், கீழ் இரண்டு கம்பியும் போட்டு 150 டிகிரியில் 25 நிமிடம் வைக்கிறேன். வெளியே பழுப்பு, உள்ளே பசை. மறுநாள் காலையில் எல்லாம் தட்டோடு ஒட்டி, அடியில் பாகு கசிந்து கிடக்கிறது. முந்திரி விற்கிற விலையில் மனசு வலிக்கிறது. யாராவது சொல்லுங்களேன்.

மாவும்கையும்:
பதில் சொல்வதற்கு முன்னால் சில கேள்விகள். சர்க்கரையைப் பொடித்துப் போட்டீர்களா, அப்படியேவா? எந்தக் கட்டத்தில் போட்டீர்கள்? முந்திரித் தூள் ரவை மாதிரி உதிரியாக இருந்ததா, உருண்டை பிடித்ததா? அடித்த கிண்ணம் பிளாஸ்டிக்கா? சென்னையில் மழையா?

கேக்பிரியை:
பிழிந்ததும் நேராக ஓவனில் வைக்காதீர்கள். 40 நிமிடம் வெளியே வைத்தால் மேலே மெல்லிய தோல் கட்டும், விரலால் தொட்டால் ஒட்டாது. அதற்கப்புறம் 150 டிகிரியில் 15 நிமிடம் போதும். நான் நடுவில் கிரீம் வைத்துக் கலர் கலராகச் செய்யும்போது இப்படித்தான் செய்வேன்.

வேளச்சேரிவாசி:
@மாவும்கையும் சர்க்கரையைப் பொடிக்கவில்லை. நுரை கெட்டியானதும் மொத்தமாகக் கொட்டி இன்னொரு சுற்று அடித்தேன். முந்திரியை மிக்ஸியில் நைஸாக அரைத்தேன், கொஞ்சம் உருண்டை பிடித்தது, கையால் உதிர்த்துப் போட்டேன். கிண்ணம் எவர்சில்வர். மழைதான், ஒரு வாரமாக வெயிலே இல்லை.

உப்பளத்துக்காரி:
நான் தூத்துக்குடிதான். கேக்பிரியை சொல்வது பிரெஞ்சு மக்ரோன். அது பாதாம் மாவில் தட்டையாகச் செய்து, இரண்டை ஒட்டி நடுவில் கிரீம் வைப்பது. நம்முடையது முந்திரியில் செய்யும் கூம்பு. பெயரில் மட்டும் சொந்தக்காரர்கள்தான், செய்முறை வேறு. நம்ம ஊர் மக்ரூனுக்குத் தோல் கட்ட வேண்டிய வேலையே கிடையாது. மழைநாளில் 40 நிமிடம் வெளியே வைத்தால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு இன்னும் பரவும்.

வேளச்சேரி, உங்களுக்கு முக்கியமாக ஒன்று. மக்ரூனை கேக் மாதிரி வேகவைக்கக் கூடாது, வற்றல் மாதிரி காய வைக்க வேண்டும். ஊரில் பழைய பேக்கரிகளில் பகலெல்லாம் ரொட்டி, பன் சுட்ட விறகடுப்பு சூடு தணிந்த பிறகுதான் மக்ரூன் தட்டுகள் உள்ளே போகும், காலையில்தான் வெளியே வரும். வீட்டில் அந்த இரவுச் சூட்டுக்கு ஈடு 100 முதல் 110 டிகிரி. ஒன்றரை மணி நேரத்தில் இருந்து 2 மணி நேரம் பிடிக்கும். அப்புறம் அடுப்பை அணைத்து, கதவைத் திறக்காமல் அதற்குள்ளேயே ஆற விடுங்கள். 150 டிகிரி இதற்கு ரொம்ப அதிகம். வெளிப்பக்கம் சிவந்து இறுகிவிடும், உள்ளே இருக்கும் தண்ணீருக்கு வெளியேற நேரமே இருக்காது. அந்தத் தண்ணீர்தான் மறுநாள் உங்களுக்குப் பசையாகத் தெரிகிறது.

மேல் கம்பியை அணைத்துவிடுங்கள். சின்ன ஓடிஜியில் கூம்பின் நுனிக்கும் மேல் கம்பிக்கும் இடைவெளி குறைவு, நுனி கருகும். கீழ்க் கம்பி மட்டும், நடுத்தட்டு. கதவிடுக்கில் ஒரு மரக்கரண்டியின் காம்பைச் செருகி வையுங்கள், உள்ளே சேரும் ஆவி வெளியே போகட்டும்.

மாவும்கையும்:
அக்கா சூட்டைப் பற்றிச் சொல்லிவிட்டார். பரவுவதற்குக் காரணம் அதற்கு முந்தைய கட்டத்தில் இருக்கிறது.

வெள்ளைக்கரு நுரை நிற்பது அதில் இருக்கும் புரதத்தால். அந்தப் புரதம் காற்றுக்குமிழைச் சுற்றி மெல்லிய சவ்வாகப் படியும். எண்ணெய்ப்பசை பட்டால் அந்தச் சவ்வு கிழிந்து குமிழ் உடையும். மஞ்சள்கரு ஒரு சொட்டு விழுந்தால்கூட நுரை வராது என்கிறார்களே, அதே காரணம்தான். முந்திரியின் எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் கொழுப்பு இருக்கிறது. நைஸாக அரைக்க அரைக்க மிக்ஸியின் சூட்டில் அந்த எண்ணெய் வெளியே வருகிறது. உருண்டை பிடித்தது என்றால் நீங்கள் போட்டது தூளாகவே இல்லை, பாதி முந்திரி வெண்ணெய். கவிழ்த்தால் விழாத நுரை அதில் இளகியதில் ஆச்சரியமே இல்லை.

அளவும் அதிகம். 4 வெள்ளைக்கரு என்றால் ஏறக்குறைய 120 கிராம். அதற்கு 180 கிராம் முந்திரியும் 220 கிராம் சர்க்கரையும் வைத்துப் பாருங்கள். உடலுக்கு நல்லது என்று பலர் சர்க்கரையைக் குறைத்துவிடுகிறார்கள். இந்தப் பண்டத்தில் சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை. அது கரைந்து நுரையில் இருக்கும் தண்ணீரைக் கெட்டியாக்கினால்தான் கூம்பு நிற்கும்.

அதைப் பொடித்து வைத்துக்கொள்ளுங்கள். நுரை வெளுத்து, பீட்டர் ஓடிய தடம் தெரிய ஆரம்பித்ததும் ஒவ்வொரு கரண்டியாகப் போடுங்கள், ஒன்று கரைந்த பிறகு அடுத்தது. நீங்கள் நுரை முழுக்க இறுகும்வரை சர்க்கரை போடாமல் அடித்திருக்கிறீர்கள். அப்படி அடித்தால் நுரை வறண்டு திரியும், பிறகு தண்ணீர் பிரியும். கொஞ்சம் எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். நறநற என்றால் இன்னும் அடிக்க வேண்டும். கரையாத சர்க்கரைதான் சூட்டில் உருகி அடியில் பாகாகக் கசிகிறது.

மிக்ஸிவைத்தியர்:
முந்திரிக்கு ஒரு வழி. முழு முந்திரி வேண்டாம், கடையில் துண்டு முந்திரி கேளுங்கள், விலை குறையும், எப்படியும் பொடிக்கத்தானே போகிறோம். ஈரம் போக 100 டிகிரியில் 10 நிமிடம் காய வைத்து, முழுக்க ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் அரை மணி நேரம் வையுங்கள். டப்பாவை மூடி வைப்பது முக்கியம், இல்லையென்றால் வெளியே எடுத்ததும் முந்திரி வேர்க்கும். காய்ந்த ஜாரில் உங்கள் சர்க்கரைப் பொடியிலேயே இரண்டு கரண்டி சேர்த்து விட்டுவிட்டு அரையுங்கள். ஒரு சுற்று, நிறுத்தம், ஜாரைக் குலுக்கல், மறுபடி ஒரு சுற்று. மெல்லிய ரவை பதம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். ஜாரின் அடியில் ஒட்ட ஆரம்பித்துவிட்டால் எல்லை தாண்டிவிட்டது என்று அர்த்தம். அதைக் குழம்புக்கு எடுத்து வையுங்கள், மக்ரூனுக்கு ஆகாது.

கலக்கும்போது பீட்டர் கூடாது. தூளை மூன்று பங்காகத் தூவி, ரப்பர் கரண்டியால் அடியில் இருந்து மேலே மடித்து மடித்து விடுங்கள். வெள்ளைத் திட்டு மறைந்ததும் போதும். அழகாக வர வேண்டுமே என்று இன்னும் நாலு சுற்று சுற்றினால் பழைய கதைதான்.

கேக்பிரியை:
சரி, நான் சொன்னது வேற பண்டத்துக்குத்தான் போலிருக்கிறது. ஆனால் ஒரு சந்தேகம். தூத்துக்குடியும் கடற்கரை ஊர்தானே? அங்கே மட்டும் எப்படி மொறுமொறுப்பாக நிற்கிறது? ஊர்க் காற்றுதான் காரணம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

உப்பளத்துக்காரி:
அந்தக் காற்றுப் பேச்சை நானும் சின்ன வயசில் இருந்து கேட்கிறேன். எங்களுக்கு மழை குறைவு, வெயில் அதிகம், அதனால்தான் உப்பே விளைகிறது. ஆனால் ராத்திரி கடல்காற்றில் மக்ரூனைத் திறந்து வைத்தால் எங்கள் வீட்டிலும் நமத்துத்தான் போகும். காரணம் காற்று இல்லை. உள்வரை காய வைப்பது ஒன்று, ஆறினதும் தாமதிக்காமல் கட்டிவிடுவது இன்னொன்று. கடையில் பாருங்கள், பாக்கெட்டை ஒட்டித்தான் வைத்திருப்பார்கள்.

நல்ல மக்ரூன் கையில் எடுத்தால் எடையே தெரியாது. பல்லில் பட்டதும் நொறுங்கும், கடைசியில் நடுவில் மட்டும் லேசாக இழுக்கும். அந்த இழுவை இருக்கலாம், சிலருக்கு அதுதான் பிடிக்கும். பசையாக இருக்கக் கூடாது.

சைவச்சமையல்:
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். முட்டைக்குப் பதிலாகக் கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரில் செய்யலாமா?

மாவும்கையும்:
அந்தத் தண்ணீரைப் பாதியாக வற்றவைத்துக் குளிரவைத்தால் நுரைக்கும். ஆனால் முந்திரியின் எண்ணெயை அது முட்டை அளவுக்குத் தாங்காது. முந்திரியைப் பாதியாகக் குறைத்தால் ஏதோ ஒரு இனிப்பு கிடைக்கும். அதை மக்ரூன் என்று சொல்ல எனக்கு மனசு வராது.

வேளச்சேரிவாசி:
எல்லோருக்கும் நன்றி. சொன்னபடி செய்தேன். சர்க்கரையைக் கரண்டி கரண்டியாகப் போட்டதில் நுரையே வேறு மாதிரி வந்தது, பளபளவென்று. முந்திரி கலந்த பிறகும் கூம்பு நின்றது! 110 டிகிரி, 2 மணி நேரம், இரவு முழுக்க உள்ளேயே விட்டுவிட்டேன். நிறம் வெள்ளை, மேலே நல்ல மொறுமொறுப்பு. அப்பா ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் இன்னொன்றை எடுத்தார்.

இரண்டு குறை மிச்சம். அடிப்பக்கம் பட்டர் பேப்பரில் ஒட்டிக்கொண்டு பாதி பிய்ந்து வருகிறது. தட்டின் வலது ஓரத்தில் இருந்தவை மட்டும் லேசாகப் பழுப்பாகிவிட்டன.

மிக்ஸிவைத்தியர்:
பேப்பர்தான். பட்டர் பேப்பர் என்ற பெயரில் கடையில் இரண்டு ரகம் கிடைக்கிறது. பண்டம் சுற்றித் தரும் மெல்லிய தாள் ஒன்று, அது ஒட்டும். இன்னொன்று சிலிக்கான் பூசிய பேக்கிங் தாள், மேல்பக்கம் வழுவழுப்பாக இருக்கும். இரண்டாவதைக் கேட்டு வாங்குங்கள். நெய் தடவிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், மறுபடி எண்ணெய்ப்பசை உள்ளே வந்துவிடும்.

தாளை மாற்றியும் ஒட்டினால் அடிப்பக்கம் இன்னும் காயவில்லை. அடுப்பை அணைக்கும் முன்னால் ஒன்றை மட்டும் எடுத்து 10 நிமிடம் வெளியே ஆற வைத்து உடைத்துப் பாருங்கள். சூட்டோடு பார்த்தால் எல்லாமே மெத்தென்றுதான் இருக்கும், சர்க்கரை ஆறினால்தான் இறுகும். ஆறிய பிறகும் பசை என்றால் மீதிக்கு இன்னும் அரை மணி நேரம் கொடுங்கள்.

மாவும்கையும்:
வலது ஓரத்துக்கு: ஓடிஜிகளில் ஒரு பக்கம் சூடு கூடுவது சகஜம். பாதி நேரத்தில் தட்டைத் திருப்பி வையுங்கள். இந்தக் கட்டத்தில் கூம்பின் மேல்பக்கம் இறுகியிருக்கும், அமுங்காது. டயலில் 110 என்று இருந்தாலும் உள்ளே 130 ஓடலாம். கம்பியில் தொங்கவிடும் ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினால் மக்ரூனுக்கு மட்டுமில்லாமல் பன், பிஸ்கட் எல்லாவற்றுக்கும் உதவும்.

அடுத்த தடவை வெள்ளைக்கருவோடு அரை டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு சேர்த்து அடியுங்கள், நுரை சீக்கிரம் திரியாது. முட்டையை ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த சூட்டோடு, அதாவது குளிரோடு, பிரித்துவிடுங்கள். மஞ்சள்கரு உடையாது. வெள்ளையை மட்டும் அரை மணி நேரம் வெளியே வைத்து அப்புறம் அடியுங்கள்.

உப்பளத்துக்காரி:
வைக்கும் முறையையும் கேட்டுக்கொள்ளுங்கள். கை பொறுக்கும் சூடுகூட இல்லாமல் முழுக்க ஆறியதும் இறுக்கமான டப்பா. ஃப்ரிட்ஜில் வேண்டாம், வெளியே எடுக்கும்போது வேர்த்துவிடும். மழைக்காலம் முடியும்வரை ஒரே பெரிய டப்பாவை அடிக்கடி திறப்பதைவிடச் சின்னச் சின்ன டப்பாவாகப் பிரித்து வைப்பது நல்லது. நமத்துப் போனால் தூக்கிப் போடாதீர்கள், 100 டிகிரியில் 20, 30 நிமிடம் வைத்து ஆறவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

வேளச்சேரிவாசி:
பேக்கிங் தாள் வாங்கியாச்சு, ஞாயிற்றுக்கிழமை அடுத்த சுற்று. ஃப்ரிட்ஜில் ஒரு கிண்ணம் மஞ்சள்கரு சேர்ந்து கிடக்கிறதே, அதை என்ன செய்வீர்கள்?

உப்பளத்துக்காரி:
மேலே ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றி மூடி வையுங்கள், தோல் கட்டாது, இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். எங்கள் வீட்டில் பாதி காஸ்டர்டுக்குப் போகும். மீதியில் ஒரு முழு முட்டை சேர்த்து, வெங்காயம், மிளகு போட்டு முட்டைத் தோசை. மக்ரூன் செய்த அன்றைக்கு ராத்திரி சாப்பாடு அதுதான்.