192 கிலோஹெர்ட்ஸ்ல ரெக்கார்ட் பண்ணா சவுண்ட் நிஜமாவே நல்லா வருமா?

வீணைவீடு:
அக்கா வீணை வாசிக்கிறத வீட்லயே ரெக்கார்ட் பண்ணி யூடியூப்ல போடலாம்னு மைக்க லேப்டாப்ல சேக்கற ஒரு யுஎஸ்பி இன்டர்ஃபேஸ் வாங்கினேன், சாம்பிளிங் ரேட் (ஒரு செகண்டுக்கு எத்தன தடவ சவுண்ட அளக்குதுங்கறது) 44.1 கிலோஹெர்ட்ஸ்ல இருந்து 192 வரைக்கும் போகுது. 192 வச்சா லேப்டாப் நடுநடுவுல பட்பட்னு சத்தம் விடுது, டிஸ்க்கும் சீக்கிரம் ரொம்பிடுது. கம்மியா வச்சா அலை படிக்கட்டு மாதிரி வரும்னு கடைக்காரர் சொல்றார். கஷ்டப்பட்டாவது 192லயே எடுக்கணுமா?

மிக்ஸிங்மணி:
அந்தப் படிக்கட்டு விளம்பரப் படத்துல மட்டும்தான் ப்ரோ இருக்கு, டிஏசி (டிஜிட்டல் நம்பர திரும்ப அனலாக் சிக்னலா மாத்துற சிப்) தாண்டி ஃபில்டர்ல இருந்து வெளிய வர்றது வழுவழுன்னுதான் வரும். சாம்பிளிங் ரேட்ல பாதிக்குக் கீழ இருக்கற ஃப்ரீக்வென்ஸி எல்லாம் தோராயமா இல்ல, முழுசாவே திரும்பக் கிடைக்கும், நைக்விஸ்ட் கணக்கே அதான். 44.1ன்னா 22.05 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும். நம்ம காது சின்ன வயசுலயே 20 தாண்டாது, வயசாக ஆக இன்னும் இறங்கும். அதுக்கு மேல இருக்கறத வௌவால்தான் ரசிக்கணும். 24 பிட் (ஒவ்வொரு அளவும் எவ்ளோ நுணுக்கம்ங்கறது) ஸ்டீரியோ 192ல நிமிஷத்துக்கு 69 எம்பி கிட்ட தின்னும், 48ல 17தான்.

ஹைரெஸ்ரசிகன்:
ஒத்துக்க மாட்டேன். என்கிட்ட ஒரே ஆல்பம் சிடியும் இருக்கு, 96 ஃபைலும் இருக்கு, 96ல தம்புரா எவ்ளோ ஓப்பனா கேக்குது தெரியுமா. மீட்டுற அந்த நொடி, டைமிங், அதெல்லாம் 44.1ல மழுங்கிடுது.

மிக்ஸிங்மணி:
சார் அது ரெண்டும் ஒரே மாஸ்டர்தானா, அதாவது வெளியிடறதுக்கு முன்னாடி கடைசியா சரிபண்ண ஒரே பதிவுல இருந்து எடுத்ததா? ஹைரெஸ்னு (சிடிய விட அதிக ரேட், பிட்ல) விக்கிறது பல தடவ தனியா மாஸ்டர் பண்ணதா இருக்கும், வித்தியாசம் அங்கதான். அதே 96 ஃபைல நீங்களே 44.1 ஆக்கி, திரும்ப 96க்கே மாத்தி, வால்யூம் சமமா வச்சு, எது எதுன்னு தெரியாம கேளுங்க. 2007ல மேயர், மோரன்னு ரெண்டு பேர் எஸ்ஏசிடி (சிடிய விட உசந்த தரத்துல வர்ற ஒரு டிஸ்க்) சவுண்ட நடுவுல 16 பிட் 44.1 வழியா விட்டு இப்படித்தான் கேக்க வச்சாங்க, 554 தடவைல 276 தடவதான் சரியா சொன்னாங்க, காசு சுண்டிப் போட்டாலே அவ்ளோ வரும். 2016ல ரைஸ்னு ஒரு ஆய்வாளர் 18 ஆய்வ ஒண்ணா சேர்த்துப் பார்த்தப்ப சரியா சொன்னது 52.3 சதவீதம் வந்துச்சு, சும்மா சொல்லக்கூடாது, கொஞ்சூண்டு ஏதோ இருக்கு. ஆனா டைமிங் வாதம் எடுபடாது, ரெண்டு சாம்பிளுக்கு நடுவுல வர்ற மீட்டலும் 44.1ல கரெக்டான இடத்துலயே பதிவாகும்.

ஸ்டுடியோசுந்தர்:
கேக்கறது வேற, வேலை பாக்கறது வேற. சாச்சுரேஷன், ஆம்ப் சிமுலேட்டர் மாதிரி ப்ளகின்லாம் (ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல சேக்கற எஃபெக்ட்) புதுசா ஹார்மோனிக்ஸ் (மூல ஸ்வரத்துக்கு மேல வர்ற ஃப்ரீக்வென்ஸி) கிளப்பும், 48ல அது 24 கிலோஹெர்ட்ஸுக்கு மேல போனா மடங்கி கீழ வந்து விழுந்து சுருதி சேராம இளிக்கும். அதுக்கு 96 உதவும், ஆனா இப்ப முக்காவாசி ப்ளகின்ல ஓவர்சாம்பிளிங் (தானே ரேட்ட ஏத்தி வேலை பாக்கறது) உள்ளயே இருக்கு. வீணைக்கு இந்தத் தலைவலி எதுவும் வேணாம் தம்பி, 24 பிட் 48 வச்சு, பீக் (சத்தத்தோட உச்சம்) மைனஸ் 12 டெசிபல் கிட்ட நிக்கற மாதிரி கெயின் (மைக் லெவல்) வைங்க, ஃபேன ஆஃப் பண்ணிட்டு மைக்க ரெண்டு அடி தள்ளி அப்படி இப்படி நகத்தி கேட்டுப் பாருங்க, சவுண்ட் மாறுறது அங்கதான். 48லயும் பட்பட்னு வந்துச்சுன்னா பஃபர் சைஸ (லேப்டாப் ஒரு தடவைக்கு எத்தன சாம்பிள் எடுத்துக்குதுங்கறது) 512 ஆக்குங்க.